வயலினில் நாலு சுரம்: பாக் எழுதியதும் கணினி படித்ததும்

வயலின் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கச்சேரி மேடைதான். பாடகர் ஒரு வரியைப் பாடுவார். பக்கத்தில் இருப்பவர் அதே வரியை வில்லில் இழுப்பார். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம். ஐரோப்பாவில் இதே வயலினிடம் முந்நூறு வருடங்களுக்கு முன்பே இன்னொரு வேலையும் வாங்கப் பார்த்திருக்கிறார்கள். ஒரே வயலின், ஒரே ஆள், துணைக்கு யாரும் கிடையாது. ஆனால் கேட்பவருக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் இருக்க வேண்டும்!

இந்த ஆசையோடு ஒரு சின்னச் சிக்கலும் வந்து சேர்ந்தது. மூன்று நான்கு சுரங்கள் ஒன்றாகத் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்று நீளமாக ஒலிக்க வேண்டும், மற்றவை சீக்கிரம் முடிந்துவிட வேண்டும். இதைத் தாளில் எப்படி எழுதுவது? கேட்டால் அற்ப விஷயமாகத் தெரியும். ஆனால் இந்தக் கேள்வி அச்சுக்கோர்ப்பவர்களைப் படுத்தியது, வயலின் கலைஞர்களைக் குழப்பியது, கடைசியில் இசையெழுதும் மென்பொருள்களுக்குள்ளும் புகுந்துகொண்டது. 2024-இல் ஒரு பெரிய மென்பொருள் மூடப்பட்டபோது அதன் விலை என்ன என்பதும் தெரிந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் கொஞ்சம் அடிப்படை

மேற்கத்திய இசையை எழுதும் முறைக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் என்று பெயர். ஐந்து கிடைக்கோடுகள். அந்தக் கோடுகளின் மேலும் இடைவெளிகளிலும் முட்டை வடிவத்தில் சுரங்களை எழுதுவார்கள். அந்த முட்டைக்குத் 'தலை' என்று பெயர் வைத்துக்கொள்வோம். தலை எவ்வளவு மேலே இருக்கிறதோ சுரமும் அவ்வளவு மேலே. இது சுலபம்.

சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைத் தலையும், அதில் ஒட்டியிருக்கும் குச்சியும் சேர்ந்து சொல்கின்றன. வெற்றுத் தலை, குச்சி இல்லை என்றால் முழு சுரம். வெற்றுத் தலையோடு குச்சி இருந்தால் அரை. தலை கறுப்பாக நிரம்பியிருந்தால் கால். குச்சி நுனியில் ஒரு வால் சேர்ந்தால் அரைக்கால். இரண்டு வால் என்றால் வீசம். நம் பழைய பின்ன வாய்ப்பாடு அப்படியே பொருந்துகிறது!

ஒரே நேரத்தில் பல சுரங்கள் ஒலித்தால் அது கார்ட். அதை எழுத, ஒரே குச்சியில் பல தலைகளை அடுக்கிவிடுவார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஒரு குச்சிக்கு ஒரு நீளம்தான் உண்டு. அந்தக் குச்சியில் தொங்கும் எல்லாச் சுரங்களும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியும். ஒரே பில்லில் மூன்று சரக்கு வாங்கினால் மூன்றுக்கும் ஒரே தவணைத் தேதி இருப்பதுபோல.

மூன்றில் ஒன்றுக்கு மட்டும் தவணை வேறு என்றால்? தனிப் பில்தான் போட வேண்டும். இசையிலும் அதேதான். நீளமான சுரத்துக்குத் தனிக் குச்சி, மற்றவற்றுக்கு வேறு குச்சி. மேலே போகும் வரிக்குக் குச்சி மேல்நோக்கி, கீழ் வரிக்குக் குச்சி கீழ்நோக்கி. இப்படித் தனிக் குச்சியோடு தனி வழியில் போகும் ஒவ்வொரு வரியையும் 'குரல்' என்கிறார்கள். வாசிப்பவர் ஒருவராக இருந்தாலும் தாளில் இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள்.

வில் செய்ய முடிந்ததும் முடியாததும்

பியானோவில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களை எடுத்துவிடலாம். வயலின் அப்படி இல்லை. அதில் நான்கு தந்திகள். அவற்றைத் தாங்கும் குதிரையின் மேல்விளிம்பு வளைவாக இருக்கும். வளைவாக இருப்பதால்தான் வில் ஒரு தந்தியை மட்டும் தனியாகத் தொட முடிகிறது. அதே வளைவால் நான்கு தந்திகளை ஒன்றாகத் தொட முடிவதில்லை. இரண்டு தந்திகளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சேர்த்து இழுக்கலாம். கொஞ்சம் அழுத்தினால் மூன்று தந்திகள் ஒரு கணம் ஒன்றாக ஒலிக்கும். நான்கு என்றால், கீழிரண்டைத் தொட்டுவிட்டு உடனே மேலிரண்டுக்குத் தாவ வேண்டியதுதான்.

இது தெரிந்தும் இசையமைப்பாளர்கள் விடவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவையில் இருந்த ஜோஹன் பால் ஃபான் வெஸ்ட்ஹாஃப் 1696-இல் தனி வயலினுக்கு மட்டும் ஒரு தொகுப்பே வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஒருவர் இந்த வகை இசையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோனார். அவர்தான் ஜோஹன் செபாஸ்டியன் பாக்.

1720: பாக்கின் கையெழுத்து

1720 என்று ஆண்டு குறித்து, தன் கையாலேயே பாக் ஒரு பிரதி எழுதினார். மூன்று சொனாட்டா, மூன்று பார்ட்டிட்டா, மொத்தம் ஆறு. துணை வாத்தியம் இல்லாத தனி வயலினுக்கு என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. வரிகள் அலைபோல் வளைந்து ஓடும் அழகான கையெழுத்து.

இந்த ஆறில் ஒன்று நம் காதுக்கு ஏற்கெனவே பழக்கமானது. இளையராஜாவின் 1986 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேட்டிருப்பீர்கள். அதில் வரும் பாக்கின் வயலின் இசை மூன்றாவது பார்ட்டிட்டாவின் முதல் பகுதி. ஆனால் அது பெரும்பாலும் ஒற்றை வரியாக ஓடும் இசை. நம் சிக்கல் இருப்பது மற்ற பகுதிகளில்.

மூன்று சொனாட்டாக்களிலும் இரண்டாவது பகுதி ஃபியூக். ஃபியூக் என்றால் ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்க, இரண்டாவது குரல் அதையே வேறு சுரத்தில் தொடங்க, மூன்றாவதும் வந்து சேர, எல்லாம் ஒன்றையொன்று துரத்தும் வடிவம். சாதாரணமாக இதை வாசிக்கப் பல கலைஞர்கள் வேண்டும், இல்லாவிட்டால் ஆர்கன் வேண்டும். பாக் அதை நான்கு தந்திகளுக்குள் அடைத்தார்.

அப்போது அவர் எழுதிய விதம்தான் முக்கியம். கீழ்க்குரலில் ஒரு அரை சுரம் எழுதுவார். அதே இடத்தில் மேலே இரண்டு கால் சுரங்கள் அடுத்தடுத்து வரும். அரை சுரத்துக்குத் தனிக் குச்சி, கீழ்நோக்கி. தாளைப் பார்த்தால் கீழ்ச்சுரம் மேலே இருப்பவை முடியும்வரை ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். வயலினில் பல இடங்களில் அது முடியாது. வில் மேல் தந்திகளுக்குப் போனதும் கீழ்ச்சுரம் தேய்ந்துவிடும்.

பாக்குக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். அவரே வயலின் வாசித்தவர். பிறகு ஏன் முடியாததை எழுதினார்? வில் எவ்வளவு நேரம் தந்தியில் இருக்கும் என்பது அவர் எழுத வந்த விஷயம் அல்ல. எந்தச் சுரம் எந்தக் குரலுக்குச் சொந்தம், அந்தக் குரல் எதுவரை நீடிக்கிறது, அடுத்து எங்கே போகிறது என்பதை எழுதினார். தந்தியில் ஒலி தேய்ந்தாலும் கேட்பவர் காதில் அது மிச்சமிருக்கும். வாசிப்பவர் அந்தக் குச்சியைப் பார்த்துத்தான் எதை அழுத்துவது, எதை லேசாக விடுவது என்று முடிவு செய்வார். பாக்கின் மாணவர் அக்ரிகோலா 1775-இல் ஒரு தகவலைப் பதிவு செய்திருக்கிறார். பாக் இந்த வயலின் இசையைக் கிளாவிகார்ட் என்ற விசைப்பலகை வாத்தியத்தில் வாசித்துப் பார்ப்பாராம், தேவையான இடங்களில் கூடுதல் சுரங்கள் சேர்த்து. அதாவது அவர் மனதில் அந்தக் குரல்கள் முழு நீளத்துக்கும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன.

இதற்கு நேர்மாறான இடமும் அவரிடம் உண்டு. இரண்டாவது பார்ட்டிட்டாவின் புகழ்பெற்ற சக்கோன் பகுதியில் சில இடங்களில் வெறும் கார்ட்களை அடுக்கி எழுதிவிட்டு, பக்கத்தில் 'ஆர்பெஜ்ஜியோ' என்று ஒரு சொல் மட்டும் போட்டிருக்கிறார். சுரங்களைப் பிரித்து வரிசையாக வாசி, எப்படிப் பிரிப்பது என்பது உன் பொறுப்பு என்று அர்த்தம். அந்த இடங்களில் பிரிக்கும் விதத்தை வாசிப்பவருக்கு விட்டுவிட்டார். குரல் முக்கியமான இடத்தில் மட்டும் குச்சியைப் பிரித்தார். எழுதும்போதே எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டாம் என்ற தெளிவு இருந்தது.

அச்சுப் பெட்டியின் குறை

பாக் கையால் எழுதினார். பேனாவுக்கு எந்தப் பக்கம் குச்சி போட்டாலும் ஒன்றுதான். இதை அச்சில் ஏற்ற வேண்டும் என்றால்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1501-இல் வெனிஸ் நகரில் ஒட்டாவியானோ பெட்ருச்சி தனித்தனி உலோக அச்சுகளைக் கோத்துப் பல குரல் இசைப் புத்தகம் அச்சிட்டார். ஒரே தாளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அச்சில் ஏற்ற வேண்டியிருந்தது, கோடுகளுக்கு ஒரு தடவை, சுரங்களுக்கு ஒரு தடவை என்று. 1528 வாக்கில் பாரிஸில் பியேர் அட்டேஞ்ஞான் இதைச் சுருக்கினார். ஒவ்வொரு அச்சிலும் ஒரு சுரமும் அதற்குப் பின்னால் ஐந்து கோடுகளின் சிறு துண்டும் சேர்ந்தே இருக்கும். எழுத்துக்கோர்ப்பதுபோல் வரிசையாக வைத்தால் ஒரே அடியில் வேலை முடிந்தது. செலவு குறைந்தது, இசைப் புத்தகம் பெருகியது.

ஆனால் இந்த முறைக்குள் ஒரு எண்ணம் ஒளிந்திருந்தது. ஒரு இடத்தில் ஒரு அச்சு, ஒரு அச்சில் ஒரு சுரம். பாட்டுக்கு இது போதும், ஏனென்றால் ஒவ்வொரு பாடகரின் வரியையும் தனித்தனியாக அச்சிட்டுக்கொள்ளலாம். ஒரே ஐந்து கோட்டுக்குள் பல சுரம், அதிலும் வெவ்வேறு நீளம் என்று வந்தால் அச்சுப் பெட்டி திணறியது.

வழி வேறு இடத்திலிருந்து வந்தது. 1586-இல் ரோமில் சிமோனே வெரோவியோ இசையைச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். தகட்டில் செதுக்குபவருக்கு அச்சுப் பெட்டி கிடையாது. கை போன இடத்தில் கோடு விழும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் வால்ஷ் போன்றவர்கள் மலிவான, மென்மையான பியூட்டர் உலோகத் தகடுகளுக்கு மாறினார்கள். தலைகளை முத்திரை உளியால் சுத்தியலடித்துப் பதிப்பார்கள். குச்சிகளையும் அவற்றை இணைக்கும் பட்டைகளையும் கையால் கீறுவார்கள். எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் வலம் இடமாக! 1750-களில் லைப்சிக்கின் பிரைட்கோஃப், தலை வேறு குச்சி வேறு என்று சிறுசிறு துண்டுகளாக உடைத்த புதிய அச்சுகளைக் கொண்டுவந்தார். இருந்தாலும் அடுத்த நூற்றாண்டில் லைப்சிக் உலகத்தின் இசை அச்சகமாக வளர்ந்தபோது அங்கே கோலோச்சியது தகட்டில் செதுக்கும் கலைதான்.

பாக்கின் ஆறு தனி வயலின் படைப்புகளும் அவர் காலத்தில் அச்சாகவில்லை. அவர் இறந்தது 1750-இல். முழுத் தொகுப்பு முதன்முறையாக வெளிவந்தது 1802-இல், பான் நகரின் சிம்ராக் பதிப்பாக. 1843-இல் வயலின் கலைஞர் ஃபெர்டினாண்ட் டேவிட் லைப்சிக்கில் ஒரு பதிப்பு வெளியிட்டார். அதில் ஒரு நேர்மையான ஏற்பாடு இருந்தது. ஒரு வரியில் மூலம், இன்னொரு வரியில் தான் வாசிக்கும் விதம். 1908-இல் வந்த யோவாகிம், மோசர் பதிப்பும் இதே வழியில் சென்றது. பாக் எழுதியது ஒன்று, வில்லால் முடிவது இன்னொன்று. இரண்டையும் கலந்து ஒன்றை அழித்துவிடக் கூடாது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

வில்லையே மாற்றிப் பார்த்தவர்கள்

எல்லோரும் அவ்வளவு பொறுமையாக இல்லை. தாளில் நீளமாக எழுதியிருக்கிறது என்றால் பாக் காலத்தில் நீளமாகவே வாசித்திருக்க வேண்டும் என்று சிலர் வாதிட்டார்கள். இவர்களில் பிரபலமானவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்தி, 1952-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு பெற்றாரே, அவரேதான். அவர் ஆர்கன் கலைஞரும்கூட. 1905-இல் பாக் பற்றி வெளியிட்ட புத்தகத்திலும் பிறகும், அக்கால ஜெர்மானிய வில் நன்றாக வெளிப்புறம் வளைந்திருந்தது, முடியைத் தளர்த்தினால் நான்கு தந்திகளையும் அது தழுவிக்கொள்ளும் என்று எழுதினார்.

கருத்தோடு நிற்கவில்லை, வில்லும் செய்தார்கள். டென்மார்க்கில் உருவான 'வேகா' வில்லில் கட்டைவிரலால் இயக்கும் ஒரு நெம்புகோல் இருந்தது. வாசித்துக்கொண்டே முடியைத் தளர்த்தலாம், இறுக்கலாம். எமில் டெல்மான்யி 1954-இல் அந்த வில்லால் பாக்கின் ஆறு படைப்புகளையும் பதிவு செய்தார். நான்கு சுரங்கள் ஆர்கன்போல் ஒன்றாக நிற்கின்றன. கேட்க விசித்திரமாக இருக்கும்.

பிரச்சினை என்னவென்றால் பாக் காலத்தில் அப்படி ஒரு வில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. அக்கால வில் இன்றைய வில்லைவிடச் சற்று வேறான வளைவு கொண்டது என்பது உண்மை. ஆனால் நான்கு தந்திகளைத் தழுவும் அளவுக்கு இல்லை. ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் இந்தக் கருத்தைக் கைவிட்டார்கள். நொட்டேஷனை வாசிப்புக்கான நேரடிக் கட்டளை என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை! குச்சி சொல்வது குரலைப் பற்றி. இவர்கள் அதை வில்லைப் பற்றி என்று படித்தார்கள்.

கணினி வந்தது, அச்சுப் பெட்டி திரும்பியது

20-ஆம் நூற்றாண்டில் தகட்டில் செதுக்கும் தொழில் மெல்ல மறைந்தது. 1943 டிசம்பரில் நடந்த குண்டுவீச்சில் லைப்சிக்கின் பதிப்பகப் பகுதி பெரும் நாசம் அடைந்தது, பிரைட்கோஃப் கட்டடமும் சேர்த்து. பிறகு வந்த புகைப்பட அச்சு முறைகளும் கணினியும் மிச்ச வேலையை முடித்தன.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் ஸ்மித் உருவாக்கிய 'ஸ்கோர்' இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. 1988-இல் 'ஃபினாலே' வந்தது. 1993-இல் இங்கிலாந்தில் பென், ஜோனாதன் ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'சிபேலியஸ்' கொண்டுவந்தார்கள். 1996-இல் நெதர்லாந்தில் இரண்டு பேர் இலவச மென்பொருளாக 'லிலிபாண்ட்' தொடங்கினார்கள். பிறகு 'மியூஸ்ஸ்கோர்', 2016-இல் 'டோரிகோ'.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் கார்ட் என்பதற்கு ஒரே மாதிரி இலக்கணம்தான். சில சுரங்கள், அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு நீளம். லிலிபாண்டில் இது கண்ணுக்கே தெரியும். கார்டின் சுரங்களை ஒரு அடைப்புக்குறிக்குள் எழுதி, வெளியே ஒரே ஒரு எண் போடுவார்கள். நான்கு என்றால் கால், இரண்டு என்றால் அரை. உள்ளே ஒவ்வொரு சுரத்துக்கும் தனி எண் போட முடியாது. 1528-இன் அச்சுப் பெட்டியில் ஒளிந்திருந்த எண்ணம் நானூறு வருடங்களுக்கும் மேல் கழித்துக் கணினிக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது, இல்லையா?

ஆனால் இது மென்பொருள் எழுதியவர்களின் அறியாமை இல்லை. ஒரு குச்சிக்கு ஒரு நீளம் என்ற பழைய விதியைத்தான் அவர்கள் அப்படியே எழுதினார்கள். வெவ்வேறு நீளம் வேண்டுமா, இன்னொரு குரலைத் திற என்பதுதான் அவர்கள் பதில். சிபேலியஸிலும் மியூஸ்ஸ்கோரிலும் ஒரு ஐந்து கோட்டுக்கு நான்கு குரல்கள். ஃபினாலேயில் நான்கு லேயர், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு குரல். டோரிகோவில் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. முதல் குரலில் மேலே உள்ள இரண்டு கால் சுரங்களை எழுதி, இரண்டாவது குரலில் கீழே ஒரு அரை சுரம் எழுதினால் முடிந்தது. பாக் செய்ததும் அதுதான்.

சொல்வது சுலபம். செய்யும்போது சில்லறைத் தொல்லைகள் வரும். இரண்டாவது குரல் ஒரு அரை சுரத்தோடு முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல மென்பொருள்கள் விடாது. அந்தத் தாள அளவு முழுவதும் நிரம்ப வேண்டும் என்று மிச்ச இடத்தில் ஓய்வுக்குறிகளைத் தூவிவிடும். நான்கு தந்தி வயலினின் ஒரே வரியில் தேவையில்லாத ஓய்வுக்குறிகள் கிடந்தால் வாசிப்பவர் குழம்புவார். அவற்றை ஒவ்வொன்றாக மறைக்க வேண்டும். இரண்டு குரலும் பக்கத்துப் பக்கத்துச் சுரத்தில் வந்தால் தலைகள் மோதும், ஒன்றை நகர்த்த வேண்டும். இரண்டு குரலும் ஒரே சுரத்தில் சந்தித்து, ஒன்று வெற்றுத் தலையும் இன்னொன்று கறுப்புத் தலையுமாக இருந்தால் ஒரே தலையை இருவரும் பகிர்வதா, பக்கத்தில் தனியாக வைப்பதா? தகட்டில் செதுக்கியவர் இதையெல்லாம் பார்வையாலேயே முடிவு செய்தார். லிலிபாண்டை உருவாக்கியவர்கள் 1950-இல் கையால் செதுக்கிய பாக்கின் செல்லோ இசைப் பதிப்பு ஒன்றையும், 2000-இல் கணினியில் செய்த பதிப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினார்கள். பழையதில் உயிர் இருக்கிறது, புதியதில் ஏன் இல்லை என்ற கேள்விதான் அவர்களை உந்தியது.

குறுக்கு வழியும் அதன் கணக்கும்

இவ்வளவு தொல்லை எதற்கு என்று குறுக்கு வழி தேடியவர்கள் ஏராளம். எல்லாச் சுரங்களையும் ஒரே கார்டாகக் கால் நீளத்தில் எழுதிவிடுவது. பிறகு குறியீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு வெற்றுத் தலையை எடுத்துக் கறுப்புத் தலையின்மேல் ஒட்டுவது. பக்கத்தில் ஒரு கோட்டை வரைந்து குச்சி என்று காட்டுவது. அச்சிட்டால் வித்தியாசமே தெரியாது. வேலை அரை நிமிடத்தில் முடிந்தது.

கண்ணுக்கு அரை சுரம், கணினிக்கு அது கால் சுரம்தான். மேலே இருக்கும் தலை வெறும் படம். வாசித்துக் காட்டச் சொன்னால் தப்பாக வாசிக்கும். இசையை வேறு சுருதிக்கு மாற்றினால் சுரம் ஒரு கோடு மேலே போகும், படம் பழைய இடத்திலேயே கிடக்கும். புத்தகத்தில் கூட்டுத்தொகை சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பேரேட்டில் பென்சிலால் எண்ணைத் திருத்துவது மாதிரி. அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தணிக்கை வரும்போதுதான் தெரியும்.

அந்தத் தணிக்கைக்கு ஒரு கருவி முன்பே தயாராகிவிட்டது. மைக்கேல் குட் உருவாக்கிய மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவத்தின் முதல் பதிப்பு 2004-இல் வந்தது. ஒரு மென்பொருளில் எழுதியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோக இதுதான் பாலம். இதில் இரண்டு குரலை எழுதும் விதம் அழகானது. முதல் குரலை எழுதிக்கொண்டே போகும். பிறகு 'பின்னால் போ' என்று ஒரு கட்டளை. நேரம் அத்தனை தூரம் திரும்பி வரும், அங்கிருந்து இரண்டாவது குரல் தொடங்கும். பாக்கின் பேனாவும் ஒரு வரியை முடித்துவிட்டு இப்படித் திரும்பி வந்து அடுத்ததை எழுதியிருக்கலாம். ஆனால் மேலே ஒட்டிய படங்களை இந்தப் பாலம் குரலாகக் கொண்டுபோகாது. குரலாக எழுதாததைக் குரலாக அதற்கு எப்படித் தெரியும்?

2024 ஆகஸ்ட்

2024 ஆகஸ்ட் 26 அன்று ஃபினாலேயின் நிறுவனமான மேக்மியூசிக் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஃபினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்படுகிறது, விற்பனையும் நிற்கிறது. 1988-லிருந்து முப்பத்தைந்து வருடங்களுக்கும் மேலாக உலகின் எத்தனையோ இசையமைப்பாளர்கள், பதிப்பகங்கள், ஆசிரியர்கள் தங்கள் வாழ்நாள் வேலையை அதில் சேமித்திருந்தார்கள். ஃபினாலேயின் கோப்பு அதற்கே உரிய வடிவம். வேறு மென்பொருளுக்குப் போவதானால் கோப்புகளை மியூசிக்எக்ஸ்எம்எல்லாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் அறிவுரை வந்தது.

இங்கேதான் அந்தச் சின்னக் குச்சியின் மதிப்பு தெரிகிறது. கீழ்ச்சுரத்தைத் தனிக் குரலாக, உண்மையான நீளத்தோடு எழுதியவர்களின் இசை பெரும்பாலும் முழுசாகப் பாலத்தைக் கடக்கும். தலைகள் கொஞ்சம் நகரும், ஓய்வுக்குறிகள் மறுபடி முளைக்கும், ஆனால் எந்தக் குரல் எதுவரை என்பது அப்படியே இருக்கும். படம் ஒட்டி ஒப்பேற்றியவர்களின் கோப்பில் மறுகரை சேருவது ஒரு வெறும் கால் நீளக் கார்ட் மட்டும்தான். அதைப் பார்க்கும் அடுத்த தலைமுறை, இசையமைப்பாளர் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். பழைய அச்சுப் பிரதி கையில் இல்லாவிட்டால் திருத்த ஆள் கிடையாது. பாக்கின் செல்லோ தொகுப்புக்கு அவர் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த பிரதியையும் வேறு சிலரின் பிரதிகளையும் வைத்துத்தான் இன்றுவரை வாதிடுகிறார்கள். ஒரு பிரதியில் ஒரு குறி மங்கினாலே இத்தனை வாதம் என்றால், குறியே இல்லாத கோப்பு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு வேடிக்கை. இன்று இணையப் பக்கங்களில் இசைக் குறிகளை வரைந்து காட்டும் திறந்தமூல மென்பொருள் ஒன்றுக்கு 'வெரோவியோ' என்றே பெயர். 1586-இல் அச்சுப் பெட்டியை ஒதுக்கிவிட்டுத் தகட்டை எடுத்த அந்த ரோம் நகரத்துக்காரரின் பெயரேதான்.

கருவிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். உலோக அச்சு போனது, தகடு போனது, ஃபினாலேயும் போனது. டோரிகோவும் மியூஸ்ஸ்கோரும் எத்தனை வருடம் என்று யார் சொல்ல முடியும்? 1720-இல் எழுதிய ஒரு தாளை மட்டும் இன்றைக்கும் எந்த மென்பொருளும் இல்லாமல் திறந்து படிக்க முடிகிறது. வில் அந்தச் சுரத்தைக் கடைசிவரை பிடித்து வைக்காது என்று தெரிந்தும், அந்த மனிதர் சோம்பல்படாமல் அதற்குத் தனியாக ஒரு குச்சி போட்டிருக்கிறார். இரண்டு குரல் என்றால் இரண்டாகவே எழுதிவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.